கோணல் பூனை

டிப்போவில் எனக்குப் பெயர் விசில். நேரில் மேடம், முதுகுக்குப் பின்னால் விசில். எந்த டிரைவர் எந்த வண்டியை எடுத்துக்கொண்டு எந்த வழியில் போக வேண்டும் என்று டூட்டி போடுவது என் வேலை. ஒருவன் வர முடியாது என்று போன் செய்வான், இன்னொருவனுக்கு வயிற்றுவலி, நெரிசல் நேரம் பார்த்து ஒரு வண்டி பாலத்தின் நடுவில் படுத்துக்கொள்ளும். இங்கே இருப்பவனை அங்கே தள்ளி, அங்கே இருப்பவனை இங்கே இழுத்து, நாள் முழுக்கக் கத்திக்கொண்டே இருப்பேன். உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் நான் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நாற்காலி புதுசாகவே இருக்கிறது என்று மற்ற பிரிவுக்காரர்கள் அதன்மேல் கண் வைத்திருக்கிறார்கள்.

பஸ்ஸில் மறந்துவிட்டுப் போகும் சாமான்களைப் போட்டுவைக்க எங்களிடம் ஓர் அலமாரி உண்டு. யாரும் கேட்டு வராமல் நாள்பட்டுப்போனவற்றை ஊழியர்களே எடுத்துக்கொள்ளலாம். அலமாரியைத் திறக்கிற அன்று குடைகளுக்கு அடிதடி நடக்கும். இந்த முறையும் போனில் மாட்டிக்கொண்டு நான் கடைசி ஆளாகத்தான் போய்ச் சேர்ந்தேன். ஒற்றைச் செருப்பும், கண்ணாடி இல்லாத கண்ணாடிக்கூடும், பிரிக்காத ஒரு பிளாஸ்டிக் உறையும் மிச்சம் இருந்தன. வெறுங்கையோடு திரும்ப மனசு வரவில்லை, உறையை எடுத்துக்கொண்டேன்.

உள்ளே சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக, விறைப்பான ஒரு துணி. அதன்மேல் வண்ணத்தில் ஒரு படம் அச்சாகியிருந்தது. சுவரோரமாக ஒரு தலையணை, அதன்மேல் சுருண்டு தூங்கும் பூனை, பக்கத்தில் ஒரு பூந்தொட்டி. கூடவே கலர் கலராகக் கம்பளி நூலும் முனை மழுங்கிய ஊசியும். ஓர் ஓட்டையில் ஊசியை ஏற்றி, சாய்வாக அடுத்த ஓட்டையில் இறக்க வேண்டும். படத்தில் எங்கே என்ன நிறமோ அந்த நிற நூலால் கட்டம் கட்டமாக அடைத்துக்கொண்டே போனால் பூனை வந்துவிடும். ‘மன அமைதி தரும் பொழுதுபோக்கு’ என்று உறையில் போட்டிருந்தது. நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை என்கிற பிழைப்பு என்னுடையது. இதில் எந்தப் பொழுதை எடுத்து எங்கே போக்குவது என்று உறையை மேசைக்கடியில் தள்ளினேன்.

இரண்டு நாள் கழித்து, டயர் கம்பெனிக்காரன் போனில் என்னைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டான். அதே பாட்டு முடிந்து முடிந்து திரும்ப வந்தது. எரிச்சலில் கைக்கு எதையாவது பிடுங்க வேண்டும்போல் இருந்தது. உறையைப் பிடுங்கினேன். டயர்க்காரன் திரும்பி வருவதற்குள் பூனையின் ஒரு காது முளைத்திருந்தது.

அமைதி எல்லாம் வரவில்லை, அது சுத்தப் பொய். ஊசி துணிக்குள் போகும், மனம் பழுதான வண்டிக்குப் பின்னால் ஓடும். எனக்குப் பொறுமையும் கிடையாது, நூலை வெடுக் வெடுக்கென்று இழுப்பேன். இழுத்த இழுப்பில் துணியே ஒரு பக்கம் கோணிக்கொண்டது. படத்தில் சொகுசாகத் தூங்கிய பூனை, என் கையில் மேட்டிலிருந்து சறுக்கி விழப்போவது மாதிரி ஆனது. இருந்தாலும் விட முடியவில்லை. காரணம் எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. ஒருநாள், இதை நான் முடிக்காவிட்டால் எந்த பஸ்ஸும் நிற்காது என்று சட்டென்று தோன்றியது. யாரும் இதற்காக நிறுத்தத்தில் காத்துக்கொண்டிருக்கவில்லை. யாரும் போன் செய்து எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று கேட்கப்போவதில்லை. நினைவு தெரிந்த நாளாக எனக்கு அப்படி ஒரு வேலை இருந்ததே இல்லை. அந்த எண்ணம் வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் பரவியது. திருட்டு மாங்காய் தின்கிற சந்தோஷம்.

டிரைவர்கள் விடுவார்களா?

“மேடம், பூனைக்கு எப்ப டூட்டி போடுவீங்க?”

“அது ரெஸ்ட்ல இருக்கு. உனக்குத்தான் டூட்டி, கிளம்பு.”

மேனேஜர் சிரிக்கவில்லை. “கன்ட்ரோல் ரூம்ல ஊசி நூலெல்லாம் வேண்டாமே. யாராவது போட்டோ புடிச்சுப் போட்டா நான்தான் பதில் சொல்லணும்” என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். பூனையை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அங்கேதான் வினை பிடித்தது.

எங்கள் வீட்டில் நான்கு பேர். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக், எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் ஓட வேண்டும். அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், ஆஸ்பத்திரியில் நர்ஸ், பெரும்பாலும் இரவு டூட்டி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எங்களோடுதான் இருக்கிறார். மகள் பள்ளிக்கூடக் கடைசி வருஷம். மகள் எழுந்து போன கட்டிலில், அந்தச் சூடு ஆறுவதற்குள் நாத்தனார் வந்து படுப்பார். நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட நாளை யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

இப்படிப்பட்ட வீடு நாறிப்போகாமல் நடப்பதற்கு ஒரே ஒரு சட்டம்தான் காரணம். யார் கண்ணில் அரைகுறை வேலை படுகிறதோ அவர் முடிக்க வேண்டும். யாருடைய வேலை என்று கேட்கக் கூடாது. பாதி நறுக்கிய காய் இருந்தால் மீதியை நறுக்கு. துணி மெஷினில் கிடந்தால் எடுத்துக் காயப்போடு. மகள் பாதி தேய்த்துவிட்டு ஓடிய சட்டையை அத்தை தேய்த்து முடிப்பார். அத்தை பாதி கழுவிய பாத்திரத்தை நான் கழுவுவேன். பாதி குடித்து வைத்த என் டீயை என் கணவர் குடித்து முடித்திருக்கிறார், கேட்டால் சட்டம் என்பார். அந்தச் சட்டத்தைப் போட்டது வேறு யாரும் இல்லை, நான்தான். யாராவது மீறினால் வீட்டிலும் விசில் ஊதுவேன்.

சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் பூனை குடியேறியது. வேலை விட்டு வந்து, காலை ஆட்டிக்கொண்டே இரண்டு வரி போடுவேன். பூனையின் உடம்பும் வாலும் முடிந்தன. தலையணையில் கை வைக்கலாம் என்று இருந்தபோது விடுமுறை நெரிசல் வந்தது. கூடுதல் வண்டி, கூடுதல் டூட்டி. வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் கண் சொக்கும். ஒருநாள் மேசையைக் கடக்கும்போது, “இந்தப் பூனை வேற அப்படியே கெடக்கு, தொடவே முடியல” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மூன்று பேரும் அங்கேதான் இருந்தார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

நெரிசல் ஓய்ந்த அன்று வெயில் இருக்கும்போதே வீடு திரும்பினேன். வழியெல்லாம் தலையணைக்கு எங்கேயிருந்து ஆரம்பிப்பது என்றுதான் யோசனை. கதவைத் திறந்தால் அதிசயமாக மூன்று பேரும் வரிசையாக நிற்கிறார்கள். மகள் என் கண்ணைப் பொத்திக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

“இப்பப் பாரும்மா!”

சுவரில் பூனை. கண்ணாடி போட்டு, பளபளவென்று சட்டம் அடித்து, ஆணியில் தொங்கியது. தலையணை முடிந்திருந்தது. சுவர், பூந்தொட்டி எல்லாம் முடிந்திருந்தது. அடைக்க ஓர் ஓட்டைகூடப் பாக்கி இல்லை.

“சுவரு முழுக்க நான். மட்டப் பலகை வெச்சுப் பாரு, இம்மி நகராது” என்றார் என் கணவர்.

“பூந்தொட்டி நான்மா. பச்சை நூல் பத்தல, நீலத்த சேத்து ஒப்பேத்திட்டேன்” என்றாள் மகள்.

நாத்தனார் தலையணையைப் பார்த்தபடி நின்றார்.

“முடியல முடியலன்னு புலம்பினியே, இனிமே நிம்மதியா இரு” என்று என் கணவர் முதுகில் தட்டினார்.

என்ன சொல்வது? ஒவ்வொருவரும் தூக்கத்தை விட்டுச் செய்திருக்கிறார்கள். வாய்க்கு வந்ததைச் சொன்னால் நான் மனுஷியே இல்லை. “ரொம்ப நல்லா இருக்கு” என்றேன். குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தேவையே இல்லாமல் இரண்டு தடவை முகம் கழுவினேன்.

அடுத்து வந்த நாள்களில் என்னைப் பேய் பிடித்து ஆட்டியது. கை சும்மா இருக்கவில்லை. டிப்போவில் போன் வயரைச் சுருட்டிச் சுருட்டி முடிச்சுப் போட்டேன். ஒரே டிரைவரை ஒரே நேரத்தில் இரண்டு வண்டிக்குப் போட்டுவிட்டேன். “எதுல முன்னாடி ஏறட்டும் மேடம்?” என்று அவன் கேட்டதற்குச் சிரிக்காமல், கத்தினேன். வீட்டில் கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் அந்தப் பூனை கண்ணில் பட்டது. நான் நிம்மதியில்லாமல் அலைய, அது கண்ணாடிக்குப் பின்னால் தூங்கியது. பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து, “பூனையத் தவிர எல்லாம் அவ்வளவு நேர்த்தி” என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

என் வார விடுமுறை வந்தது. கணவர் வேலைக்குப் போயிருந்தார், மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். நாத்தனாருக்கு அன்று பகல் டூட்டி. காலையிலிருந்து கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். மத்தியானம் ஸ்டூலைப் போட்டு ஏறிச் சட்டத்தை இறக்கினேன். பின்பக்கம் என் கணவர் லிஃப்ட் கதவையே மாட்டிவிடலாம் என்கிற அளவுக்கு ஆணி அடித்து வைத்திருந்தார். கத்தி முனையால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, துணியை உருவி மேசையில் விரித்தேன். நகம் வெட்டும் சின்னக் கத்திரியை எடுத்தேன்.

முதலில் சுவர். நூலை மேலே நெம்பி வெட்ட வேண்டும், அப்புறம் பின்பக்கத்திலிருந்து இழுக்க வேண்டும். போடுவதைவிடப் பிரிப்பது கஷ்டம். அவசரப்பட்டால் துணியே அறுந்துவிடும். அவர் போட்ட நூல் ஒவ்வொன்றும் நட்டு முடுக்கினதுபோல் இறுக்கமாக இருந்தது. பூந்தொட்டியில் என் மகள் தொளதொளவென்று ஓடியிருந்தாள், ஓர் இடத்தில் ஓட்டையையே தாண்டிக் குதித்திருந்தாள். துணியைத் திருப்பினேன். தலையணையின் பின்பக்கம் முன்பக்கம் மாதிரியே சுத்தமாக இருந்தது. ஒரு வால் நூல் வெளியே தெரியவில்லை. யார் யார் எங்கே எப்படி உட்கார்ந்து போட்டிருப்பார்கள் என்று கண் முன்னால் தெரிந்தது. எல்லாம் அன்புதான், எனக்குத் தெரியாதா? தெரிந்ததும் அழுகை வந்தது. ஆனால் கத்திரியைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. அழுதுகொண்டே வெட்டினேன்.

சுவரில் கால்வாசி போயிருந்தபோது கதவு திறந்தது. நாத்தனார். எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார். பை தோளிலேயே இருக்க, மேசையில் கிடந்த நூல் குப்பையைப் பார்த்தார்.

“என்ன பண்ற?”

“பிரிக்கறேன்க்கா.”

“ஏன், பூச்சி ஏதாவது அரிச்சிடுச்சா?”

“இல்ல. இது நான் பண்ண வேண்டியது.”

“அதான் முடிச்சிட்டோமே.”

“முடிச்சதாலதான் பிரிக்கறேன்.”

அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். இனி மறைக்க ஒன்றும் இல்லை. அடக்கி வைத்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது.

“டிப்போவுலயும் சரி, இங்கயும் சரி, நான் எதத் தொட்டாலும் அதுக்கு யாராவது காத்துட்டு இருக்காங்கக்கா. இது ஒண்ணுக்குத்தான் யாரும் காத்துட்டு இல்ல. என் இஷ்டத்துக்குக் கோணலா போட்டுட்டு இருந்தேன். அதையும் புடுங்கி முடிச்சு, கண்ணாடி போட்டு, ஆணி அடிச்சு மாட்டிட்டீங்க. நான் போட்ட சட்டம்தான், ஒத்துக்கறேன். ஆனா எனக்கு இது வேணும். முடியாம வேணும்.”

சொல்லி முடித்தபோது மூச்சு வாங்கியது. அவர் கோபித்துக்கொள்வார், எழுந்து உள்ளே போவார், இனி ஒரு மாசம் முகம் கொடுத்துப் பேச மாட்டார் என்று நினைத்தேன். அவர் பையைத் தோளிலிருந்து இறக்கினார். நான் துணியைத் திருப்பி, தலையணையில் கத்திரியை வைத்தேன்.

என் மணிக்கட்டை அவர் பிடித்துவிட்டார். நோயாளியைப் பிடித்துப் பழகிய கை, அசைக்க முடியவில்லை.

“அதுல கை வெக்காத. அது என்னுது.”

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். இந்த வீட்டுக்கு அவர் வந்து இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. என் தட்டு, என் கட்டில், என் சீப்பு என்று எதையும் அவர் சொன்னதில்லை. எனக்கென்று ஒன்றும் இல்லை என்று ஊரைக் கூட்டியவள் நான்தான்.

“பிரிக்கணும்னா நானே பிரிச்சுக்கறேன்” என்றார். மணிக்கட்டை விட்டார்.

பேச்சை மாற்றினால் போதும் என்று துணியின் ஓரத்தைக் காட்டினேன். சட்டம் மறைத்திருந்த இடத்தில், தலையணையின் கீழ்மூலை அடைக்காமல் வெறும் ஓட்டையாகக் கிடந்தது.

“இங்க பாருங்க, பாதியில விட்டிருக்கீங்க. ஃப்ரேம் மறைச்சிடும்னு விட்டுட்டீங்களா?”

“ஃப்ரேம் போடப்போறான்னு எனக்கு என்ன ஜோசியமா தெரியும்? உம் புருஷன் அவன் பாட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டான். நானாத்தான் அந்த மூலைய விட்டு வெச்சேன்.”

“எதுக்கு?”

“முடிஞ்சிட்டா மறுநாள் வந்து எதுல உக்காரது?” என்றார். “டூட்டி முடிஞ்சு வந்தா உடனே தூக்கம் வராது எனக்கு. கால் ரெண்டும் பரபரன்னு வார்டுலயே நடந்துட்டு இருக்கும். இந்த ஊசியப் புடிச்சா கொஞ்சம் அடங்குது. அதோட, இது போட்டா யாரும் ஐயோ அம்மான்னு கத்தறதில்ல.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் நிற்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டேன். என்னை மாதிரியே ஒருத்தி இதே மேசையில், இதே துணியில், எனக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள். அது ஆறுதலாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. பெரிய மனசு பண்ணித் துணியை அவர் பக்கம் தள்ளினேன்.

“அப்ப மொத்தத்தையும் நீங்களே வெச்சுக்கங்கக்கா.”

“ஏ விசிலு, உன் கோணப் பூனை எனக்கு எதுக்கு? தலகாணி போதும்.”

அவர் எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு, பையிலிருந்து ஆஸ்பத்திரிக் கத்திரி ஒன்றை எடுத்துவந்தார். மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து, தலையணையின் மேல் வரியிலிருந்து பிரிக்க ஆரம்பித்தார். நான் இந்தப் பக்கம் சுவரைப் பிரித்தேன். துணி ஒன்று, இழுப்பவர் இரண்டு பேர்.

“ஆட்டாதீங்கக்கா.”

“நீ ஆட்டாத. எல்லாத்துலயும் அவசரம்.”

அப்படி இழுபறியாக இருந்தபோது என் கணவர் வந்தார். மேசையைப் பார்த்ததும் கையிலிருந்த கருவிப் பை நழுவாத குறைதான்.

“அடடா, சுவரு போச்சே! யாரு பண்ணது? குடு, நான் ஒரே நாள்ல…” என்று கையை நீட்டினார்.

“தொடாதீங்க!” என்றேன் நான். “கை வெக்காதடா!” என்றார் அவர் அக்கா. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

அவர் நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். மெதுவாக ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் முடுக்கி முடுக்கிப் போட்ட நூல்கள் என் முன்னால் குவிந்துகொண்டிருந்தன.

“நல்லாத்தானே போட்டிருந்தேன்?”

“ரொம்ப நல்லா போட்டிருந்தீங்க” என்று அவர் கண்ணைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அடுத்த நூலை வெட்டினேன்.